வலிப்பு நின்றுவிட்டது, கவனம் ஏன் வரவில்லை?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மூன்றாம் ஆண்டு படிக்கும் மகனுக்கு, பேசிக்கொண்டே இருக்கும்போது சில நொடிகள் வெறித்துப் பார்த்து நின்றுவிடும் வகை வலிப்பு. ஓராண்டாகச் சோடியம் வல்புரோயேட் மருந்து குடிக்கிறான், இப்போது வலிப்பு வருவதில்லை. ஆனால் சொன்னது மறந்துபோகிறது, கணக்கு பாதியில் நிற்கிறது. ஆசிரியர் சோம்பேறி என்கிறார். “மருந்துதான் பிள்ளையை மந்தமாக்குது, நிறுத்து” என்கிறாராம் மாமியார்.

அன்புச் சகோதரி, முதலில் ஒன்று. மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வரக்கூடும், அது உயிருக்கே ஆபத்து.

அதற்காக மாமியார் சொல்வதை ஒதுக்கவும் வேண்டாம். 2010-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், உங்கள் மகனுக்கு இருக்கும் இதே வகை வலிப்பு உள்ள 453 பிள்ளைகளைக் கவனித்தார்கள். 16 வாரத்தில், வல்புரோயேட் குடித்தவர்களில் 49 விழுக்காட்டினருக்கும், எத்தோசக்சிமைடு என்ற வேறு மருந்து குடித்தவர்களில் 33 விழுக்காட்டினருக்கும் கவனக்குறைவு தெரிந்தது. ஆக, மருந்துக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் அதே பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, மருந்து தொடங்கும் முன்பே கவனம் சிதறித்தான் இருந்தது. மூளையில் வலிப்பை உண்டாக்கும் கோளாறே கவனத்தையும் தொடுகிறது. வலிப்பு நின்றாலும் கவனச் சிதறல் தங்கிவிடலாம். இதைச் சோம்பல் என்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

47-ஐயும் 38-ஐயும் கூட்டச் சொல்லிப் பாருங்கள். ஏழும் எட்டும் பதினைந்து என்று சரியாகச் சொல்வான். ஐந்தை எழுதுவதற்குள் கையில் இருந்த ஒன்று போய்விடும். கூட்டல் தெரியாமல் இல்லை. ஒன்றை மனத்தில் பிடித்துக்கொண்டே இன்னொன்றைச் செய்வதுதான் அவனுக்குக் கஷ்டம். கடைக்குப் போய் ரொட்டி வாங்கி, மிச்சக் காசைப் பாட்டியிடம் கொடு என்றாலும் இதே கதைதான். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள், அப்புறம் அடுத்தது. அந்த ‘ஒன்றை’ மேலே பெரிதாக எழுத விடுங்கள். ஆசிரியரிடமும் இதையே காட்டுங்கள். முன்வரிசையில் இடமும் கொஞ்சம் கூடுதல் நேரமும் கேளுங்கள். சிறப்புக் கல்வி வகுப்பு என்ற பேச்சு வந்தால் பதற வேண்டாம், ஆனால் உளவியல் மதிப்பீடு செய்யாமல் ஒப்புக்கொள்ளவும் வேண்டாம்.

கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்தியது. நீங்கள் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்துக் காலை ஆள்கணக்குக்கு, போவதற்காக விடியற்காலை ஐந்து மணிக்கே அவனை எழுப்பிப் பாட்டி வீட்டில் விடுகிறீர்கள். இரவு தூங்கப் பதினொன்று ஆகிறது. ஆறு மணி நேரத் தூக்கம் ஒன்பது வயதுக்குப் போதவே போதாது. தூக்கம் கெட்டால் கவனமும் கெடும், நின்ற வலிப்பும் திரும்பலாம். முடிந்தால் இரவிலேயே பாட்டி வீட்டில் படுக்க வையுங்கள். எட்டரைக்குக் கைப்பேசியை வாங்கி வைத்துவிடுங்கள்.

வலிப்பு உண்மையிலேயே நின்றதா என்பதையும் பாருங்கள். பேச்சு நடுவில் அறுந்து, இமை படபடத்து, ஒன்றும் நடக்காததுபோல் அவன் தொடர்ந்தால் அது இன்னும் வருகிறது என்று அர்த்தம். கைப்பேசியில் படம்பிடித்துத் தேதியோடு வையுங்கள்.

அடுத்த முறை ஈப்போ மருத்துவமனைக்குப் போகும்போது வலிப்பை மட்டும் சொல்லாமல், படிப்பையும் மறதியையும் தூக்கத்தையும் சொல்லுங்கள். மருந்தின் அளவைக் குறைக்கலாமா, மாற்றலாமா என்று நேராகக் கேளுங்கள். மாமியாரையும் கூட அழைத்துப் போங்கள். அவருடைய சந்தேகத்தை மருத்துவரிடம் அவரே கேட்கட்டும்.