அலை உடையும்போது தண்ணீருக்குள் என்ன கேட்கும்? மலேசியாவின் பந்திங் வட்டாரத்தார் கேள்விகளுக்குப் பதில்

அலை உடையும்போது உண்டாகும் காற்றுக் குமிழிகளை, தண்ணீருக்குள் மைக்கை இறக்கி ஒலியால் அளப்பதைப் பற்றிய கேள்விகள் இவை.

கேள்வி (செம்பனைத் தோட்டத்துப் பெரியவர்): தம்பி, குமிழியைப் பார்க்க கேமரா போதாதா? எதற்கு ஒலி?

போதாது ஐயா. அலை உடைந்த இடம் முழுக்க வெளுத்துவிடும், முன்னால் இருக்கிற குமிழி பின்னால் இருப்பதை மறைக்கும், நம் மோரிப் கடற்கரையில் சேறு வேறு. ஆனால் காற்று தண்ணீரில் மாட்டிக் குமிழியாகிற கணத்தில் அது சுருங்கி விரிந்து அதிரும், அந்தச் சுருதியே அதன் அளவைச் சொல்லிவிடும். 1933-இல் மின்னார்ட் என்ற விஞ்ஞானி போட்ட கணக்கு இது. ஆரம் 1 மில்லிமீட்டர் என்றால், மேற்பரப்புக்குப் பக்கத்தில் ஏறக்குறைய 3,260 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு அத்தனை அதிர்வு. 3 மில்லிமீட்டர் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

கேள்வி (ஆறாம் படிவ மாணவி): அப்படியென்றால் பதிவு செய்த ஒலியை வைத்தே எல்லாக் குமிழிகளையும் எண்ணிவிடலாமா அண்ணா?

முடியாதும்மா. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. குமிழி பிறக்கும்போது சில மில்லிவினாடிதான் ஒலிக்கும், அப்புறம் ஊமை. ஊமையானதும் சும்மா இருக்காது, தன் சுருதிக்கு ஒத்த ஒலி வந்தால் அதை விழுங்கிவிடும். அதனால் இரண்டு வேலை: பிறக்கும் குமிழிகளைக் காதால் பிடிப்பது, ஏற்கெனவே மிதப்பவற்றுக்கு, ஒரு பக்கமிருந்து பல சுருதிகளில் ஒலி அனுப்பி, மறுபக்கம் எந்தச் சுருதி எவ்வளவு தேய்ந்து வருகிறது என்று பார்ப்பது. ஒலியின் வேகமும் மாறும்: சுத்தமான தண்ணீரில் வினாடிக்கு சுமார் 1,500 மீட்டர், நூற்றில் ஒரு பங்கு காற்று கலந்தால் 120-க்குப் பக்கத்தில், காற்றில் போவதைவிடவும் மெதுவாக! இதைக் கணக்கில் எடுக்காத அளவீட்டை நான் நம்பமாட்டேன். 2002-இல் டீன், ஸ்டோக்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இன்னொன்றைக் காட்டினார்கள். சுமார் 1 மில்லிமீட்டர் ஆரம்தான் எல்லை. அதைவிடப் பெரியவை கொந்தளிப்பில் உடைந்து உருவாகின்றன, சிறியவை அலை நுனி விழுந்து தெறிக்கும்போதே பிறக்கின்றன.

கேள்வி (தூண்டில்காரர்): படகுத்துறையில் மைக்கை இறக்கினால் எண்ணெயில் பொரிவது மாதிரி சத்தம். அதுதான் குமிழியா?

பெரும்பாலும் சொடுக்கு இறால் அண்ணே. கொடுக்கைப் படாரென்று மூடும்போது அழுத்தம் குறைந்து நீராவிக் குமிழி ஒன்று உண்டாகி நசுங்குகிறது, சத்தம் அதிலிருந்துதான். 2 முதல் 200 கிலோஹெர்ட்ஸ் வரை பரவுவதால் நம் சின்னக் குமிழிகளின் ஒலியை மூடிவிடும். ஒவ்வொரு சொடுக்கும் மிகக் குறுகியது, கணினியில் அடையாளம் கண்டு நீக்கலாம்.

கேள்வி: இதனால் என்ன பயன்?

நாம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால்பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. காற்று பலமாக வீசும் கடலில் அதில் ஒரு பகுதி குமிழி வழியாகப் போகிறது. அது எவ்வளவு என்று கணக்கிட, குமிழிகளின் எண்ணிக்கையும் அளவும் தெரிய வேண்டும்.

கேள்வி (மாணவியின் தந்தை): வீட்டிலேயே செய்ய முடியுமா சார்?

முடியும். பீசோ தட்டு (அதிர்வை மின்சாரமாக மாற்றும் சின்ன வட்டு) ஒன்றைத் தண்ணீர் புகாதபடி எபோக்சிப் பசையில் மூடி, சின்ன ஆம்ப்ளிஃபையரோடு பதிவுக்கருவியில் இணையுங்கள். முதலில் வாளியில் சோதியுங்கள், குழாயிலிருந்து துளி விழும் 'டிங்'கூட துளிக்கு அடியில் மாட்டிய குமிழியின் ஒலிதான். பெரிய அலை வேண்டுமென்று நவம்பர் முதல் மார்ச் வரை, பருவக்காற்று காலத்தில், தீபகற்ப மலேசியாவின் கிழக்குக் கரைக்குப் போனால், பிள்ளையைத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள், துறைமேடையிலிருந்து கம்பியைத் தொங்கவிட்டாலே போதும்.