முருட் வரை தனியாக சைக்கிளில்: படகு, வெயில், கூடாரம்

கேள்வி: மும்பை மாட்டுங்காவில் வசிக்கிறேன். மார்ச் மூன்றாவது வாரம் மாண்ட்வாவுக்குப் படகில் போய், அங்கிருந்து அலிபாக், காஷித் வழியாக முருட் வரை ஒரே நாளில் சைக்கிளில் தனியாகப் போக ஆசை. இரவு கடலோரத்தில் கூடாரம். எவ்வளவு தண்ணீர் வேண்டும்? வெயிலைத் தாங்க முடியுமா? தனியாகத் தங்கலாமா?

பதில்: தண்ணீருக்கு முன்னால் படகைப் பற்றிப் பேசிவிடுவோம். மும்பையின் பாவுச்சா தக்கா படகுத்துறையிலிருந்து சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளும் ரோ-ரோ கப்பல் அக்கரைக்குச் செல்ல ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். முதல் கப்பலையே பிடித்தாலும் மாண்ட்வாவில் மிதிக்கத் தொடங்கும்போது குளிர்ந்த வேளை கைநழுவியிருக்கும். மீதி சுமார் 70 கிலோமீட்டரும் உச்சிவெயிலில்தான். ஆகவே முந்தைய நாள் பிற்பகலே கடந்துவிடுங்கள். சாயங்காலம் 20 கிலோமீட்டர் மிதித்து அலிபாக்கில் அறை எடுத்துத் தூங்குங்கள். மறுநாள் வெளிச்சம் வந்ததும், ஆறரை மணிக்குக் கிளம்பினால், 30 கிலோமீட்டர் தள்ளியுள்ள காஷித்தை ஒன்பதுக்குள் எட்டலாம். முருட்டுக்கு இன்னும் 18 கிலோமீட்டர்தான். ஆனால் ஏற்ற இறக்கம் அந்தப் பகுதியில்தான் அதிகம். பதினொன்றுக்குள் முடியாவிட்டால் நிழலில் படுத்துவிட்டு நான்கு மணிக்கு மேல் தொடருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. கொங்கணத்தில் அந்த நேரத்தில் நாய்கூட நடமாடாது.

தண்ணீர் எவ்வளவு என்பதை உங்கள் உடம்பிடமே கேளுங்கள். ஒரு காலை ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவைச் சுற்றி ஒரு மணி நேரம் மிதியுங்கள். முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, குறைந்த உடையில் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறது. இடையில் குடித்ததையும் கூட்டிக்கொள்ளுங்கள். எனக்கு 900 கிராம் குறைந்தது. கறுப்புச் சட்டையின் முதுகில், காய்ந்தபின், கோலப்பொடி தூவியதுபோல் உப்பு. கடலோரப் புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாமல் வழிகிறது. அதனால் உடம்பு குளிர்வதில்லை, நீரும் உப்பும் மட்டும் போகின்றன. வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைசுற்றல், வாந்தி வரும்.

அதனால் உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். பொடியைக் கரைத்துக் குடியுங்கள். 20.5 கிராம் பொட்டலம் சரியாக ஒரு லிட்டருக்கானது. அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பொட்டலத்தையும் கொட்டும் பழக்கம் சைக்கிள்காரர்களிடம் பரவலாக இருக்கிறது, அது தவறு. இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

ஐந்து லிட்டரைச் சுமக்க வேண்டியதில்லை. நாகாவ், சௌல், ரேவ்தண்டா என்று ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டு லிட்டர் போதும். குண்டலிகா ஆற்றுப் பாலத்துக்கு முன், ரேவ்தண்டாவில், நிரப்பிக்கொள்ளுங்கள். கோகம் சர்பத் கிடைத்தால் உப்புப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பாலம் தாண்டினால் கொர்லாய். போர்த்துக்கீசியம் கலந்த தனிமொழி பேசுபவர்கள் இன்றும் அந்த ஊரில் இருக்கிறார்கள். வெயில் அனுமதித்தால் ஒரு தேநீருக்காவது நில்லுங்கள்.

வெயிலில் திடீரென்று மயிர்க்கூச்செறிந்தாலோ தலை வலித்தாலோ உடனே இறங்கிவிடுங்கள். நிழல், ஈரத்துணி, விசிறல். பேச்சு குழறினால் காத்திருக்காமல் 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். தனியாகப் போகிறவர் என்பதால் இரண்டு மணிக்கொருமுறை வீட்டுக்கு இருப்பிடம் அனுப்புவதை மறக்காதீர்கள்.

இனி கூடாரம். திறந்த மணலில் தனியாகத் தங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு பௌர்ணமி இரவு, காய்ந்த மணல் என்று நம்பிக் கூடாரம் போட்டேன். நள்ளிரவில் பாய்க்கடியில் சிலுசிலுவென்றது. டார்ச் அடித்தால் வாசலில் விட்ட செருப்பு மிதந்துகொண்டிருந்தது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஓதம் (கடல்நீர் ஏற்றம்) மிக உயரமாக ஏறும். உலர்ந்த கடற்பாசியும் குச்சிகளும் வரிசையாக ஒதுங்கிய கோடு முந்தைய ஓதத்தின் எல்லை மட்டுமே. அடுத்தது அதையும் தாண்டலாம்.

ஊருக்குள் வீட்டோடு சேர்ந்த தோப்பை அங்கே ‘வாடி’ என்பார்கள். வீட்டுப் பெரியவரிடம் மராத்தியில் “இதே தம்பூ லாவூ கா?” (இங்கே கூடாரம் போடலாமா?) என்று கேளுங்கள். கட்டணம் பேசி இடமும் சாப்பாடும் தருகிறவர்கள் உண்டு. கழிவறையும் கிணறும் கிடைப்பது பெரிய விஷயம். தென்னைக்கு அடியில் மட்டும் போடாதீர்கள், தேங்காய் விழும். சவுக்கோ மாமரமோ நல்லது. கடற்காற்று இரவில் அடங்கி, பின்னிரவில் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும். அதனால் கிழக்கும் மேற்கும் வலைச்சன்னல் இருக்கும்படி கூடாரத்தைத் திருப்புங்கள். மேலுறையைப் பாதி சுருட்டி வையுங்கள். முழுக்க மூடினால் இட்லிப் பானைதான்.

திரும்பும்போதும் விடியலிலேயே கிளம்புங்கள். இந்தப் பருவத்தில் பிற்பகல் காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து, அதாவது உங்கள் முகத்துக்கு எதிராக வரும். ஈர மணலில் சைக்கிள் ஓட்டிப் படம் எடுக்கும் ஆசை வேண்டாம், உப்புநீர் பேரிங்குக்குள் புகுந்துவிடும். வீடு வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, அன்றிரவே செயினுக்கு எண்ணெய் விடுங்கள். மறுநாள் என்று விட்டால் காலையில் செம்பழுப்பு பூத்திருக்கும்.