கேள்வி நீங்கள், பதில் நான்: கிழக்கு எந்தப் பக்கம்?

கேள்வி: மேற்கு நாடுகளின் காலம் முடிந்துவிட்டது, இனி கிழக்கின் காலம்தான் என்கிறார்களே, உண்மையா?
- வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: பின்னேரம் காலிமுகத்திடலில் இஸ்ஸோ வடையோடு நின்று பார்த்தால் உண்மை போலத்தான் தெரியும். எதிரே கடலை நிரப்பி 269 ஹெக்டேயரில் சீன நிறுவனம் உருவாக்கிய துறைமுக நகரம், அதற்கு அங்கால் துறைமுகத்துக்குள் சீனர்கள் பெரும்பங்கு வைத்திருக்கும் ஒரு முனையம், அதே துறைமுகத்தில் 2025 ஏப்ரலில் இயங்கத் தொடங்கிய மேற்கு முனையத்தில் இந்தியாவின் அதானி. அந்த முனையத்துக்கு 553 மில்லியன் டொலர் கடன் தருவதாக 2023இல் அறிவித்தது அமெரிக்க அரசின் நிதி நிறுவனம். (பிறகு அதானி அதை எடுக்கவில்லை, அது வேறு கதை.) சீனாவை மறிக்க இந்தியாவின் தோளில் கை போட வேண்டிய நிலைக்கு அமெரிக்கா வந்திருக்கிறது. மாற்றம் என்றால் இதுதான்.

ஆனால் அந்தக் கப்பல்களில் ஏறும் நம்முடைய சரக்கு எங்கே போகிறது என்றும் பாருங்கள். கட்டுநாயக்காவிலும் பியகமவிலும் நம் பிள்ளைகள் தைக்கும் உடுப்புகள் போவது பெரும்பாலும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும். 2025 ஏப்ரலில் ட்ரம்ப் 44 சதவீத வரி என்று அறிவித்து, ஜூலையில் 30 ஆக்கி, ஓகஸ்டில் 20இல் கொண்டுவந்து நிறுத்தும்வரை இங்கே எத்தனை வீடுகளில் நித்திரை இல்லை! சீனாவிடம் விற்கலாமே என்றால், அது உலகத்துக்கே தைத்துக் கொடுக்கிற நாடு, நம்மிடம் ஏன் வாங்கப்போகிறது?

அப்புறம், கிழக்கு என்று ஒரு கட்சி இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். 2022இல் கடனைக் கட்ட முடியாது என்று நாம் கையை விரித்த பிறகு, இந்தியாவும் ஜப்பானும் பிரான்ஸுடன் சேர்ந்து கடன் கொடுத்த நாடுகளின் குழுவுக்குத் தலைமை தாங்கின. சீனா அந்தக் குழுவில் சேராமல் தனியாகப் பேசியது. கடைசியில் நாம் போய் நின்ற வாசல் வொஷிங்டனில் இருக்கும் சர்வதேச நாணய நிதியம்.

கேள்வி: தமிழர்களுக்கு யார் வந்தால் நல்லது?
- வாசகி ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: ஜெனிவாவைப் பாருங்கள் தங்கச்சி. 2009 மே மாதம் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானத்துக்கு இந்தியா, சீனா, பாகிஸ்தான், கியூபா எல்லாம் ஒரே பக்கம் கை தூக்கின, ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எதிர்த்தன. 2012இல் இலங்கை அரசைப் பொறுப்புக்கூறச் சொல்லி அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. 2021இல் அதே மாதிரி இன்னொரு தீர்மானம் வந்தபோது அதே இந்தியா வாக்களிக்காமல் இருந்துகொண்டது. யாரும் நமக்காகக் கை தூக்கவில்லை, அவரவர் கணக்குக்குத் தூக்கினார்கள்.

கேள்வி: சின்ன நாடு இரண்டு பக்கமும் கதைக்க முடியுமா?
- வாசகர் ஒருவர், தெஹிவளை

பதில்: கதைத்திருக்கிறோமே. 1952இல் அரிசிக்குத் தட்டுப்பாடு, இறப்பர் விலையோ விழுந்துகொண்டிருந்தது. கம்யூனிசம் என்றாலே முகம் சுளிக்கும் ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம் மாவோவின் சீனாவோடு ஒப்பந்தம் செய்து, வருடத்துக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி வாங்கச் சம்மதித்தது. கோபத்தில் அமெரிக்கா உதவியை நிறுத்தியது, சரி, நிறுத்தட்டும் என்று விட்டார்கள். இத்தனைக்கும் இரண்டு நாட்டுக்கும் முறையான இராஜதந்திர உறவு ஏற்பட்டது 1957இல்தான்.