பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. எட்டு மாதமாக எடை 12.5 கிலோவிலேயே நிற்கிறது. வயிறு எப்போதும் உப்பியிருக்கிறது. தினமும் மூன்று நான்கு முறை கூழ்போல் மலம் போகிறாள். ரத்தசோகைக்கு மூன்று மாதம் இரும்புச்சத்து டானிக் கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. குழந்தைகள் டாக்டர், பெரிய மருத்துவமனையில் குழந்தைகளுக்கான குடல், ஊட்டச்சத்துப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அங்கே போனால் மூக்கில் குழாய் போட்டுவிடுவார்கள் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். கோதுமையை நிறுத்திப் பார்த்துவிட்டு அப்புறம் போகலாமா?

பதில்: வேண்டாம் அம்மா, தள்ளிப்போடாமல் போங்கள். கோதுமையையும் நிறுத்தாதீர்கள்.

நீங்கள் எழுதியிருப்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும், சிலருக்கு உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் தன் சிறுகுடலையே தாக்குகிறது. குடலின் உட்சுவரில் விரல்போல் நீண்டு சத்தை உறிஞ்சும் நுண்ணிய முளைகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. இரும்புச்சத்து பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கத்தில்தான் உறிஞ்சப்படுகிறது. இந்த நோய் அதிகம் பாதிப்பதும் அந்த இடத்தைத்தான். டானிக் குடித்தும் ரத்தம் ஊறாததற்கு அது காரணமாக இருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க டிடிஜி-ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனை செய்வார்கள். குடலைத் தாக்கும்போது நோய் எதிர்ப்பு மண்டலம் உண்டாக்கும் எதிர்ப்பொருளை அது அளக்கிறது. குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் அதன் முடிவை நம்ப முடியும். நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள் குறைந்துவிடும், குடலும் ஆறத் தொடங்கிவிடும். அப்படி நிறுத்திவிட்டு வரும் குழந்தைகளைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும். பரிசோதனைக்காகவே பல வாரம் மறுபடி கோதுமை கொடுத்து, தேறிய வயிற்றைத் திரும்பக் கெடுக்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

நோய் இதுதான் என்று நான் முடிவுகட்டவில்லை. ஜியார்டியா கிருமி, நாள்பட்ட குடல் அழற்சி என்று வேறு காரணங்களும் உண்டு. அதனால் மலத்தையும் பரிசோதிப்பார்கள்.

முதல் நாள் பெரும்பாலும் பேச்சும் அளவெடுப்பும்தான். ஆடையைக் கழற்றி எடை, சுவரோடு நிறுத்தி உயரம். பிறகு டாக்டர் குழந்தையைத் திருப்பி நிறுத்திப் பின்பக்கத்தைப் பார்ப்பார். வயிறு முன்னே தள்ளியிருக்க, பிட்டத்துச் சதை வற்றித் தோல் மடிந்து தொங்கினால் அது எங்களுக்குப் பெரிய துப்பு. தடுப்பூசி அட்டையில் பழைய எடை, உயரம் எழுதியிருக்கும், அதை மறக்காமல் எடுத்துப் போங்கள். எடை நின்றது எப்போது, உயரமும் நின்றதா என்பது அதில்தான் தெரியும். மூன்று நாள் அவள் சாப்பிட்டதை, தட்டில் மிச்சம் வைத்ததையும் சேர்த்து, எழுதி வையுங்கள். மலத்தைப் போனில் படம் எடுத்துக் காட்டுவதில் கூச்சமே வேண்டாம். வாயால் சொல்வதைவிட அது எங்களுக்கு உதவும்.

எதிர்ப்பொருள் அளவு இயல்பு வரம்பைப்போல் 10 மடங்கோ அதற்கு மேலோ இருந்தால், இன்னொரு ரத்தப் பரிசோதனையோடு உறுதிசெய்து, எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் கேமரா உள்ள மெல்லிய குழாயை விட்டுக் குடலைப் பார்ப்பது) இல்லாமலே முடிவு சொல்வதுண்டு. இல்லையென்றால் எண்டோஸ்கோபி தேவைப்படும். குழந்தையைத் தூங்கவைத்துத்தான் செய்வார்கள். பொதுவாக 6 மணி நேரம் சாப்பாடு கூடாது, வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். உங்கள் மருத்துவமனை சொல்லும் நேரத்தையே பின்பற்றுங்கள். உள்ளே அரிசி அளவுக்கும் சிறிய துணுக்குகள் எடுப்பது அவளுக்கு வலிக்காது.

மூக்குக் குழாய், வாயால் போதிய அளவு சாப்பிட முடியாத, அல்லது விழுங்கினால் புரையேறும் குழந்தைகளுக்கு. வாயால் சாப்பிடும் உங்கள் மகளுக்கு அது தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் அதிகம் பேச வேண்டியது அங்கேயுள்ள டயட்டீஷியனிடம். சீலியாக் என்று உறுதியானால் மாத்திரை கிடையாது, வாழ்நாள் முழுக்க குளூட்டன் இல்லாத சாப்பாடுதான் மருந்து. சாஸ், சூப் பொடி, பிஸ்கட் அட்டைகளில் எதைத் தேடிப் படிப்பது, ஒரே கரண்டியை இரண்டு பாத்திரத்தில் ஏன் போடக் கூடாது என்பதையெல்லாம் அவர்தான் பொறுமையாகச் சொல்லித்தருவார்.

மலத்தில் ரத்தம், பச்சையாக வாந்தி, எழுப்பினாலும் எழாத சோர்வு, பல மணி நேரம் சிறுநீர் போகாமலிருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அப்பாயின்ட்மென்ட் தேதிக்குக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.