பத்து நாள் கழித்து மீண்டும் சிவந்த கோடுகள்: விஷம் தங்கிவிட்டதா?

கேள்வி: அரியமான் கடற்கரையில் என் 11 வயது மகனைச் சொறிமுட்டை (ஜெல்லிமீன்) கொட்டியது. அன்றே எரிச்சல் அடங்கிவிட்டது. பத்து நாள் கழித்து அதே இடத்தில் கோடுகள் தடித்து அரிக்கின்றன. விஷம் ரத்தத்தில் தங்கி இதயத்தை நிறுத்தும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். சிறுநீர், சுண்ணாம்பு, மெடிக்கல் ஷாப் களிம்பு எல்லாம் போட்டாயிற்று.

பதில்: விஷம் தங்கவில்லை அம்மா. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் வட ஆஸ்திரேலியக் கடலின் பெட்டி ஜெல்லிமீனைப் பற்றியதாக இருக்கும். அது உயிரைப் பறிப்பதானால் சில நிமிடங்களில் பறித்துவிடும், பத்து நாள் காத்திருக்காது. அரிக்கிறது என்று சிணுங்கும் பையனின் இதயத்தைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

இப்போது வந்திருப்பது தாமதமான ஒவ்வாமை. சொறிமுட்டையின் இழைகளில் ஆயிரக்கணக்கான கொட்டும் செல்கள் உண்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நுண்ணிய நூல் சுருண்டு கிடக்கும். ஏதாவது பட்டால் பாய்ந்து தோலுக்குள் இறங்கும். அதன் உறவான ஹைட்ரா என்ற சின்ன நீர்வாழ் உயிரில் இந்தப் பாய்ச்சலை அளந்து பார்த்தார்கள்: ஒரு வினாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு நேரம்கூட ஆகவில்லை. கடல் சாமந்தி என்ற பூப்போன்ற கடல் விலங்குக்கும் பவளத்துக்கும் இதே ஆயுதம்தான். நூல் இறக்கிவிட்டுப் போன புரதங்களை உடம்பு அடையாளம் கண்டு, ஓரிரு வாரம் கழித்துச் சண்டைக்கு வருகிறது. அந்தச் சண்டைதான் கோடாகத் தெரிகிறது. தானாக அடங்கும், கொஞ்ச நாள் கறுப்புத் தழும்பு இருக்கும்.

சிறுநீர் யோசனையை யார் கிளப்பிவிட்டார்களோ! படிக்கும் காலத்தில் ஓர் இழைத் துண்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்து ஒரு சொட்டு நல்ல தண்ணீர் விட்டோம். செத்த துண்டுதான், கண்ணெதிரே நூல்கள் சரசரவென்று பாய்ந்தன. கொட்டிய இடத்தில் சிறுநீர் விடுவது, நல்ல தண்ணீர் ஊற்றுவது, மணல் போட்டுத் தேய்ப்பது எல்லாம் வெடிக்காத மிச்சத்தையும் வெடிக்க வைக்கும் வேலை. சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கிவிடும். கடல் தண்ணீரிலேயே அலசி, ஒட்டிய இழையை எடுத்துவிட்டு, கை பொறுக்கும் சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்தால் பெரும்பாலும் வலி இறங்கும்.

களிம்புக்கு வருகிறேன். கடையில் கொடுப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த டியூப். நிறுத்துங்கள். பையனுக்கு ஸ்டீராய்டே தேவைப்படலாம்தான். ஆனால் எவ்வளவு வீரியம், எத்தனை நாள் என்பதைத் தோல் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறொன்று, அதை நீங்கள் கேட்கவே இல்லை: அடுத்த முறை கொட்டுவது. 1901-இல் சார்ல் ரிஷே என்ற பிரெஞ்சு மருத்துவர் போர்த்துகீசியப் போர்க்கப்பல் என்னும், சொறிமுட்டைக்கு உறவான கடலுயிரின் விஷத்தை ஆராயத் தொடங்கி, பிறகு கடல் சாமந்திக்கு மாறினார். முதல் ஊசியைத் தாங்கிய நாய், சில வாரம் கழித்துப் போட்ட சிறிய அளவிலேயே மூச்சுத் திணறிச் செத்தது. உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமையைக் குறிக்கும் அனஃபிலாக்சிஸ் என்ற சொல் பிறந்தது அங்கேதான். 1913-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. உங்கள் மகனுக்கு அப்படியே நடக்கும் என்று சொல்லவில்லை, அது அபூர்வம். ஆனால் அவன் உடம்பு இந்த விஷத்தை ஒருமுறை பார்த்துவிட்டது.

ஆகவே மறுபடி கொட்டினால் கொட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அதைவிட்டுத் தள்ளி என்ன நடக்கிறது என்று பாருங்கள். காலில் கொட்டியிருக்க உதடோ இமையோ வீங்குகிறதா, உடம்பெல்லாம் தடிக்கிறதா, குரல் கம்முகிறதா, மூச்சு இழுக்கிறதா, அடுத்தடுத்து வாந்தியா, மயக்கமா? உடனே 108. அலர்ஜி மாத்திரையைக் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் அங்கே மருந்து. ஆம்புலன்ஸில் ஏறியதும், முன்பு ஒருமுறை கொட்டியிருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள்.