கொப்பரைக்கு அரசு ஆதார விலை இருப்பதால் தென்னை லாபமா? பழனி மலை அடிவாரத்தில் தோப்பு வாங்கலாமா?

ஆதார விலை இருக்கிறதே என்ற தைரியத்தில் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசாகத்தான் இருக்கும். இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

எனக்கு வீடு பழனி மலை மேல் தாண்டிக்குடியில். மேலே கொஞ்சம் காப்பி, மிளகு. கீழே அடிவாரத்தில் சித்தரேவு பக்கம் மூன்று ஏக்கர் தென்னை. காப்பிக்கு ஆதார விலையே கிடையாது, அதனால் அதை நம்பி ஏமாந்தவனும் கிடையாது. தென்னையில்தான் நான் ஏமாந்தேன்.

மட்டை உரித்த தேங்காய்க்கும் பேருக்கு ஒரு விலை அறிவிப்பார்கள். எங்கள் பக்கம் கொள்முதல் நடப்பது கொப்பரைக்கு மட்டும். 2023-ல் அரவைக் கொப்பரை (எண்ணெய் ஆட்டுவதற்கானது) குவிண்டாலுக்கு 10,860 ரூபாய், அதாவது கிலோ 108 ரூபாய் 60 காசு. தோப்புக்கு வந்த வியாபாரி கேட்டது 78. யாருக்குத்தான் ஆசை வராது? நானே உடைத்துக் காயப்போட்டேன். சொந்தக் களம் இல்லை, தார்ப்பாய்தான். மத்தியானம் வரை வெயில் சுள்ளென்று அடிக்கும், மூணு மணிக்கு மலையிலிருந்து மேகம் இறங்கிவிடும். ஓடிப்போய் மூட வேண்டும். ஏழாம் நாள் ஒரு துண்டை ஒடித்தேன், டக்கென்று உடைந்தது. சரி, காய்ந்துவிட்டது என்று ஒரு சாக்கு மாதிரிக்குக் கொள்முதல் மையத்துக்கு எடுத்துப் போனேன். மெஷினில் ஈரப்பதம் 7.4 சதவீதம் காட்டியது. 6 சதவீதத்துக்கு மேல் எடுக்க மாட்டார்கள். “இன்னும் ரெண்டு வெயில் காட்டிட்டு வாங்கண்ணே” என்றான் அங்கிருந்த பையன். அவன் மேல் தப்பில்லை.

மறுபடி போனபோது 5.8. இப்போது சிட்டா, அடங்கல் கேட்டார்கள். பட்டா இன்னும் அப்பா பெயரில். அவர் 2019-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். மாற்றாமல் விட்டது என் சோம்பேறித்தனம்தான், யாரும் எடுத்துச் சொல்ல வேண்டாம். வாரிசுச் சான்று வாங்கி வருவதற்குள் சீசன் முடிந்துவிடும். அதே வியாபாரியிடம் 74-க்குத் தள்ளினேன். அடுத்த வாரம் அவர் டெம்போ அதே கொள்முதல் வரிசையில் நின்றது. யார் சிட்டாவோ!

அன்றைக்குத் திரும்பி ஏறும்போது புல்லாவெளி அருவிப் பக்கம் கார்களைக் குறுக்கே நிறுத்தி செல்ஃபி. முக்கால் மணி நேரம் நின்றேன். பாட்டிலை எல்லாம் கீழே ஓடையில்தான் எறிகிறார்கள், அந்தத் தண்ணீரைத்தான் நாங்கள் குடிக்கிறோம். இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

ஆதார விலையே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள். பக்கத்துத் தோப்பு மாமாவுக்கு முழு விலை கிடைத்தது. பணம் வங்கியில் ஏறத்தான் நாளானது. அவருக்கு சிமெண்டுக் களம் இருக்கிறது, பட்டா அவர் பெயரில், காத்திருக்கவும் தெம்பு உண்டு. அப்படியும் ஏக்கருக்கு இவ்வளவுதான் என்று அளவு வைத்து வாங்கினார்கள். பொதுவாகவே இந்த விலை ஆதரவுத் திட்டத்தில் மொத்த விளைச்சலில் கால் பங்குதான் கணக்கு. நிலக்கடலைக்கும் (2025-26-ல் குவிண்டால் 7,263 ரூபாய்), எள்ளுக்கும் (9,846) இதே திட்டம்தான். மீதி முக்கால் பங்குக்கு விலை வைப்பது மார்க்கெட். அங்கே போட்டிக்கு இறக்குமதிப் பாமாயில் வந்து நிற்கிறது. பாமாயில் மாதிரி கச்சா சமையல் எண்ணெய்க்கான இறக்குமதி வரியை 2024 செப்டம்பரில் 5.5-லிருந்து 27.5 சதவீதம் ஆக்கினார்கள், 2025 மே கடைசியில் 16.5-க்கு இறக்கிவிட்டார்கள். ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில். அதற்குப் பதில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று எத்தனை வருஷமாகக் கேட்கிறோம்!

2025-ல் கொப்பரை கிலோ 200-ஐத் தாண்டியது. ஆதார விலை 115 ரூபாய் 82 காசு, அதைக் கேட்க ஆளில்லை. வறட்சியிலும் வெள்ளை ஈயிலும் என் மரங்களில் பாதிக் காய்கூட இல்லை. பட்டா மட்டும் அந்த வருஷம்தான் என் பெயருக்கு மாறி வந்தது.