வறண்ட கிணற்றில் எரியும் துளி: லேசர் எதற்கு, எங்கே?

கேள்வி: காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்தில் 60 அடிக் கிணறு வறண்டு கிடக்கிறது. அதற்குள் ஒரு பெட்டியை விழவிட்டு, எரிபொருள் துளி எடையற்ற நிலையில் எரிவதை லேசரால் அளக்க முடியுமா? இறுதியாண்டு மெக்கானிக்கல் புராஜெக்ட்.

பதில்: தாராளமாக முடியும். ஜப்பானில் கைவிட்ட நிலக்கரிச் சுரங்கத்தில் 490 மீட்டர் விழவிட்டு 10 வினாடி எடையற்ற நிலையைப் பெற்றார்கள். அடியில் மெத்தைக்கு இடம் போக உங்களுக்கு 15 மீட்டர் கிடைக்கும், அது 1.75 வினாடி.

அதற்குள் துளி எரிந்து முடிய வேண்டுமே! ஹெப்டேன் என்ற திரவ எரிபொருளை எடுத்துக்கொண்டால், துளியின் விட்டத்தின் வர்க்கம் வினாடிக்குச் சுமார் 0.7 சதுர மி.மீ. குறையும். 0.8 மி.மீ. துளி ஒரு வினாடிக்குள் தீர்ந்துவிடும். 1.2 மி.மீ. என்றால் இரண்டு வினாடி, அதற்குள் பெட்டி அடியைத் தொட்டுவிடும்.

விட்டத்தை அளக்க லேசர் வேண்டாம். பின்னால் எல்.இ.டி., முன்னால் அதிவேகக் கேமரா போதும். லேசர் வெளிச்சத்தில் படம் புள்ளி புள்ளியாகி விளிம்பு குழம்பும்.

லேசர் தேவைப்படுவது சுடரில் உண்டாகும் புகைக்கரியை அளக்க. தரையில் எரியும்போது சூடான காற்று மேலேறி, கரியையும் இழுத்துப் போய்விடும். எடையற்ற நிலையில் சுடர் உருண்டையாக நிற்கும். சுடரின் வெப்பம் கரித்துகளைத் துளியை நோக்கித் தள்ள, துளியிலிருந்து கிளம்பும் ஆவி வெளியே தள்ளும். இரண்டும் சமமாகும் இடத்தில் கரி மெல்லிய கூடாகத் திரண்டு துளியைச் சூழும். இதைப் பார்க்கத்தான் இத்தனை பாடும். 635 நானோமீட்டர் டயோடு லேசரை விரித்து அந்தக் கூட்டின் வழியே அனுப்பி, எவ்வளவு ஒளி குறைகிறது என்று அளவிடுங்கள். கேமராவுக்கு முன்னால் அதே அலைநீளத்துக்கான ஃபில்டர் கட்டாயம், இல்லாவிட்டால் சுடரின் மஞ்சள் ஒளி கணக்கைக் கெடுக்கும். பற்றவைக்கும் முன் வெறும் லேசர் படம் ஒன்று எடுங்கள், ஒப்பிட அதுதான் அடிப்படை. ஹீலியம்-நியான் லேசர் வாங்காதீர்கள். அதன் கண்ணாடிக் குழாய் பெட்டி அடியில் மோதும் அதிர்ச்சியைத் தாங்காது.

பெட்டிக்குள் பெட்டியாகச் செய்யுங்கள்: வெளிப்பெட்டி காற்றின் எதிர்ப்பை வாங்கிக்கொள்ள, உள்பெட்டி அதற்குள் தனியாக விழும். கோவைப் பட்டறைகளில் செய்துதருவார்கள். மெத்தைக்குத் திருப்பூர் பனியன் வேஸ்ட் மூட்டைகள் சரியாக இருக்கும். அது சட்டென்று தீப்பிடிக்கும், அதனால் பெட்டி நன்றாக மூடியிருக்கட்டும்.

கிணற்றுக்குள் யாரும் இறங்கவே கூடாது. வறண்ட கிணற்றின் அடியில் ஆக்சிஜன் குறைந்து நச்சுக்காற்று தேங்கியிருக்கும். இறங்கியவரோடு காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறந்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். மூட்டைகளை இறக்குவதும் பெட்டியைத் தூக்குவதும் மேலே நின்றபடி, கயிறும் கப்பியும் வைத்துத்தான்.